ஊசிப் பெட்டிக்கு ஒரு மலை சைக்கிள்

காரைக்காலில் மலை கிடையாது. மலை வேண்டாம், மூச்சு வாங்குகிற மாதிரி ஒரு மேடாவது உண்டா என்றால் அதுவும் இல்லை. அரசலாற்றுப் பாலத்தில் ஏறி அந்தப் பக்கம் இறங்குவதுதான் எங்களுக்குத் தெரிந்த மலையேற்றம். அப்படிப்பட்ட ஊரில், ஐந்தடிக்கும் ஒரு விரற்கடை குறைவான நாற்பத்தாறு வயது நர்ஸ் ஒருத்தி, சோற்றில் மீன்குழம்பை ஊற்றிக்கொண்டே, "எனக்கு ஒரு மவுண்டன் பைக் வாங்கணும்" என்று சொன்னால் என்ன ஆகும்? என் கணவருக்குப் புரையேறியது. தலையில் தட்டினேன். கொஞ்சம் பலமாகவே தட்டினேன்.

"இங்க மலை எங்க இருக்கு?" என்றார் இருமி முடித்து.

"மணல் இருக்குல்ல?" என்றேன்.

மணல்தான் விஷயம். நான் பார்க்கிற பகுதியில் கிளிஞ்சல்மேட்டைத் தாண்டி ஒரு சின்ன மீனவக் குப்பம் உண்டு. தார் ரோடு சவுக்குத் தோப்போடு முடிந்துவிடும். அதற்கப்புறம் ஒரு கிலோமீட்டருக்கு மணல், கிளிஞ்சல், உடைந்த செங்கல். புதன்கிழமைதோறும் அந்தக் குப்பத்துக் குழந்தைகளுக்குத் தடுப்பூசி போட வேண்டும். ஐஸ் வைத்த நீலப் பெட்டியில் மருந்தை எடுத்துக்கொண்டு ஒன்பது மணிக்கு அங்கே இருக்க வேண்டும் என்பது சட்டம். பதினோரு வருஷமாக ஒரு புதன்கிழமைகூட நான் ஒன்பது மணிக்கு அங்கே இருந்ததில்லை என்பது நடப்பு.

காரணம் என் கணவர். தன் மோட்டார் சைக்கிளில் என்னைக் கொண்டுபோய் விடுகிறவர் அவர்தான். தங்கமான மனுஷர். ஒரே குறை, தெரிந்த முகத்தைப் பார்த்தால் வண்டியை நிறுத்தாமல் அவரால் போக முடியாது. காரைக்காலில் அவருக்குத் தெரியாத முகமும் இல்லை. டீக்கடையில் ஒருத்தர், பெட்ரோல் பங்கில் ஒருத்தர், பிரேக் போட்டுவிட்ட பாவத்துக்காக நடு ரோட்டில் ஒருத்தர். நான் பின்னால் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பல்லைக் கடித்தபடி உட்கார்ந்திருப்பேன். பெட்டிக்குள் ஐஸ் உருகும், எனக்கு ரத்தம் கொதிக்கும். அந்த வண்டிக்கு சைலன்சர் வேறு ஓட்டை. நாங்கள் தோப்பைத் தாண்டும்போதே கடலில் இருக்கிற படகுக்குக் கேட்கும்.

ஸ்கூட்டி ஓட்டக் கற்றுக்கொள்ள வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். கற்றுக்கொண்டேன். மூன்றாவது நாள் தோளெலும்பு முறிந்தது. இஞ்சின் வைத்த எதையும் இனி ஓட்ட மாட்டேன் என்று கட்டுப் போட்ட கையோடு மாதா கோவிலில் சொல்லிவிட்டு வந்தேன். சைக்கிள் நன்றாக ஓட்டுவேன், பள்ளிக்கூடத்துக்கு அதில்தான் போனேன். ஆனால் லேடீஸ் சைக்கிளின் ஒல்லி டயர் அந்த மணலில் கால்வாசி புதைந்துவிடும். அப்புறம் நான் சைக்கிளைத் தள்ளவேண்டும், பெட்டியையும் பிடிக்கவேண்டும், வாயில் வருவதையும் அடக்கவேண்டும்.

எங்கள் டாக்டரம்மாவுக்கு என் மகள் வயதுதான் இருக்கும். ஒருநாள் கதவைச் சாத்திவிட்டு மெதுவாகச் சொன்னார்கள்: "சிஸ்டர், தப்பா எடுத்துக்காதீங்க. அடுத்த மாசமும் ஊசி போடுறது இப்படி லேட்டாச்சுன்னா, அந்தக் குப்பத்தப் புதுசா வந்திருக்கற சிஸ்டருக்கு மாத்திடுவேன். அவங்ககிட்ட ஸ்கூட்டி இருக்கு."

தப்பாகத்தான் எடுத்துக்கொண்டேன். அந்தக் குப்பத்தில் இன்று பள்ளிக்கூடம் போகிற பாதிப் பிள்ளைகளை முதன்முதலாகத் தராசில் போட்டு எடை பார்த்தவள் நான். எந்த வீட்டில் மாமியார் கெட்டிக்காரி, எந்த வீட்டில் அப்பன் ஊசியைக் கண்டால் பிள்ளைக்கு முன்னால் அழுவான் என்பதெல்லாம் எனக்கு அத்துபடி. அதைத் தூக்கி இன்னொருத்தியிடம் கொடுப்பதா? வெளியே வந்ததும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. தூசி என்று சொல்லிக்கொண்டேன்.

அன்று சாயங்காலம் கடற்கரையில் ஒரு பெண், வெளியூர்க்காரி போலிருக்கிறது, கட்டைக் கட்டையான டயர் வைத்த சைக்கிளில் மணலுக்குள்ளேயே இறங்கி அலை வரைக்கும் போய்த் திரும்பி வந்தாள். நான் கையிலிருந்த சுண்டலை அப்படியே வைத்துக்கொண்டு பார்த்தேன். அப்போது முடிவு பண்ணியதுதான்.

என் தேவை மூன்றே மூன்று. கால் தரையில் எட்ட வேண்டும். ஊசிப் பெட்டி அசையாமல் உட்கார வேண்டும். என் போனஸ் பணத்துக்குள், அதாவது பத்தாயிரத்துக்குள், விலை முடிய வேண்டும். இதை நான் என் கணவரிடம் சொன்னேன். அவர் நேராகப் போய்த் தன் அண்ணனிடம் சொன்னார். சொன்னவர், இந்த மூன்றையும் விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறார்.

அந்த அண்ணன், எனக்குப் பெரியத்தான், எங்கள் தெருவிலேயே நாலு வீடு தள்ளி இருப்பவர். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்று வந்தவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்போம். அவர் சொல்தா. ஆறடி உயரம், பிரெஞ்சுப் பாஸ்போர்ட், மாசம் பிறந்தால் பிரான்சிலிருந்து பென்ஷன். டிவியில் சைக்கிள் பந்தயம் என்றால் சாப்பிடக்கூட எழுந்திருக்க மாட்டார். தம்பி மனைவி மலை சைக்கிள் வாங்கப் போகிறாள் என்றதும் அவருக்குப் பத்து வயது குறைந்துவிட்டது.

"வேத்தேத்தே!" என்று வாசலிலிருந்தே சொல்லிக்கொண்டு வந்தார். மலை சைக்கிளைப் பிரெஞ்சில் அப்படித்தான் சொல்வார்களாம். "நல்ல யோசனைம்மா. இருபத்தோரு கியர் இருக்கணும். முன்னாடியும் ஷாக் அப்சார்பர், பின்னாடியும் ஷாக் அப்சார்பர். ரெண்டு சக்கரத்துக்கும் டிஸ்க் பிரேக். சக்கரம் பெருசா இருக்கணும்."

"பெரியத்தான், எனக்குக் கால் எட்டணும்."

"எட்டும், எட்டும். சீட்ட எறக்கிக்கலாம்."

"பெட்டி வைக்கணும்."

"வெச்சுக்கலாம்மா."

எதிர்த்துப் பேச வாய் துறுதுறுத்தது. ஆனால் என் கல்யாணத்துக்குப் பாரிஸிலிருந்து லீவு போட்டு வந்து, பந்தலில் நின்று ஓடியாடி வேலை செய்தவர் அவர். வாயை மூடிக்கொண்டேன். என் வாழ்க்கையில் நான் வாயை மூடிக்கொண்ட நேரங்களை விரல் விட்டு எண்ணலாம். ஒவ்வொன்றுக்கும் பின்னால் அனுபவித்திருக்கிறேன்.

அந்தச் சனிக்கிழமை நான் டியூட்டி முடிந்து வீட்டுக்கு வந்தபோது வராந்தாவில் அது நின்றுகொண்டிருந்தது. நின்றுகொண்டிருந்தது என்பது தவறு, என் கணவர் ஒரு பக்கமும் பெரியத்தான் ஒரு பக்கமும் பிடித்துக்கொண்டிருந்தார்கள். சிவப்பும் கறுப்புமாக, முரட்டுக் கன்றுக்குட்டி மாதிரி இருந்தது. நாகப்பட்டினம் வரைக்கும் போய் வாங்கி வந்திருக்கிறார்கள். விலையைக் கேட்டேன்.

"பெரியத்தான் பரிசும்மா அது. வெலையெல்லாம் கேக்கக் கூடாது" என்றார் பெரியத்தானே.

பக்கத்தில் போய் நின்றேன். நடுக் கம்பி என் இடுப்பைத் தொட்டது. இரண்டு பேரும் "ஏறும்மா, ஏறும்மா" என்றதில் சமையலறை ஸ்டூலைப் போட்டு ஏறினேன். சீட்டை இறக்குகிற மட்டும் இறக்கியும் என் கட்டைவிரல் தரையைத் தேடிக்கொண்டே இருந்தது.

"ஸ்டாண்டு எங்க?" என்று மேலிருந்தபடியே கேட்டேன்.

"இந்த வண்டிக்கெல்லாம் ஸ்டாண்டு கெடையாதும்மா. செவுத்துல சாய்ச்சு வெச்சுக்கணும்."

"குப்பத்து மணல்ல செவுத்துக்கு எங்க போறது?"

பெரியத்தான் வராந்தாச் சுவரைத் தட்டிக் காட்டினார்.

"சரி, கேரியர்?"

அண்ணன் தம்பியைப் பார்த்தார். தம்பி கியரை எண்ணினார்.

இருபத்தோரு கியர் வைத்தவர்கள் ஒரு பெட்டி வைக்க இடம் வைக்கவில்லை. திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று நான் வாயைத் திறப்பதற்குள் மறுநாள் ஞாயிறு வந்துவிட்டது. எங்கள் குடும்பத்தில் புது வண்டி எதுவாக இருந்தாலும் முதலில் கோவிலுக்குப் போக வேண்டும். பாதர் தீர்த்தம் தெளித்து மந்திரித்த பிறகுதான் சக்கரம் ரோட்டில் உருள வேண்டும். அப்படி மந்திரித்த பொருளைக் கடையில் திருப்பிக் கொடுப்பது என்ற பேச்சுக்கே இடமில்லை. அதாவது, எங்கள் வீட்டில் எந்த வண்டியும் சரியா தப்பா என்று ஓட்டிப் பார்ப்பதற்கு முன்பே ஆண்டவருடைய வண்டியாகிவிடும்.

பூசை முடிந்து கோவில் வாசலில் நின்றோம். பாதர் தீர்த்தச் செம்போடு வந்தார்.

"யாரு ஓட்டப் போறது?"

இரண்டு ஆண்களும் என்னைக் காட்டினார்கள். பாதர் சைக்கிளை அண்ணாந்து பார்த்தார், என்னைக் குனிந்து பார்த்தார். வழக்கத்தைவிட நீளமாக ஜெபித்தார். தீர்த்தத்தில் பாதியை என் தலையிலும் தெளித்தார்.

அன்று மத்தியானமே சவுக்குத் தோப்புக்குப் போனோம். எனக்கு ஓட்டிக் காட்டுவதாகப் பெரியத்தான் டிராக் சூட்டில் வந்திருந்தார். தார் ரோட்டில் பறந்தார். மணலில் இறங்கினார். நாலு மிதி மிதித்ததும் வண்டி அசையாமல் நின்றது. அவர் மட்டும் அவசரப்படாமல், பட்டாளத்து மிடுக்கோடு, பக்கவாட்டில் சாய்ந்து விழுந்தார். என் கணவர் ஓடினார். நான் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டேன். சிரிப்பை அடக்கியதில் விலா வலித்தது.

பெரியத்தான் எழுந்து மணலைத் தட்டிவிட்டார். டயரை அமுக்கிப் பார்த்தார். "காத்து ஜாஸ்தி" என்றார். குனிந்து இரண்டு டயரிலும் காற்றைப் புஸ்ஸென்று கொஞ்சம் இறக்கிவிட்டார். மறுபடி ஏறி மிதித்தார். போனார்! மணலில் புதையாமல், மெதுவாக, தோப்பைச் சுற்றிக்கொண்டு போய்த் திரும்பி வந்தார்.

"ஆப்பிரிக்காவுல பாலைவனத்துல பட்டாளத்து லாரிய இப்படித்தாம்மா ஓட்டுவோம். டயர் நல்லா பரந்து உக்காரணும்" என்றார் மூச்சிரைக்க.

அவர் சொன்ன நூறில் அந்த ஒன்று எனக்குப் பிரயோஜனப்பட்டது. அதை மனசில் முடிந்து வைத்துக்கொண்டேன்.

மறுநாள் ரிப்பேர் கடையில் கேட்டோம். பின் சக்கரம் ஷாக் அப்சார்பரில் தனியாக ஆடுவதால் கேரியரை மாட்ட இடமே இல்லை என்று சொல்லிவிட்டார்கள். "முதுகுல மாட்டிக்கயேன்" என்றார் என் கணவர். ஐஸும் மருந்துமாக அந்தப் பெட்டியின் கனத்தை அவர் ஒருநாளும் தூக்கிப் பார்த்ததில்லை. தூக்கிக் கொடுத்தேன். இரண்டு கையாலும் பிடித்துக் கீழே வைத்தார்.

செவ்வாய்க்கிழமை யாரிடமும் சொல்லாமல், வெறும் ஊசிப் பெட்டியை எடுத்துக்கொண்டு, டவுனில் பாய் ஒருத்தருடைய சைக்கிள் கடைக்குப் போனேன். அவருடைய பேத்திகளுக்கு ஊசி போட்டவள் என்பதால் என்னைத் தெரியும்.

"பாய், சைக்கிள் எனக்கு இல்ல. இந்தப் பெட்டிக்கு" என்று பெட்டியை அவர் மேஜைமேல் வைத்தேன்.

அவர் சிரிக்கவில்லை. அதற்காகவே அவரை எனக்குப் பிடித்துப்போயிற்று. எந்த ரோடு, எவ்வளவு தூரம், எவ்வளவு கனம் என்று வரிசையாகக் கேட்டார். நான் டிஸ்க் பிரேக், ஷாக் அப்சார்பர் என்று ஒரு வாரமாகக் கேட்ட வார்த்தைகளை எல்லாம் கொட்டினேன்.

"கம்மி வெலையில ஷாக் அப்சார்பர்னு குடுக்கறது பாதி வெறும் கனந்தாங்க நர்ஸம்மா. நீங்க போற எடம் உப்புக்காத்து. ரெண்டு மழைக்கு அது துருப்புடிச்சு எறுகிடும். வண்டியில எது எது இல்லையோ அது அது துருப்புடிக்காது" என்றார். "டயர் அகலமா இருக்கணும். கம்பி தாழ்வா இருக்கணும். பின்னாடி ஒரு ஏழு கியர் இருந்தா மணலுக்குப் போதும். பிரேக்கு சாதா பிரேக்கே போதும், கட்ட தேஞ்சா இங்கயே மாத்திக்கலாம்."

ஒரு வாரத்தில் ஒரு ஆண் என்னிடம் பேசிய முதல் உருப்படியான பேச்சு அது.

ஒவ்வொரு சைக்கிளாக வெளியே எடுத்து, கம்பிக்கு இரண்டு பக்கமும் காலைப் போட்டு நின்று பார்த்தேன். பாதம் முழுசாகத் தரையில் பதிந்தது ஒன்றே ஒன்றில்தான். என்ன, அது பத்தாம் வகுப்புப் பையன்கள் வாங்குகிற அளவு. பச்சை நிறம், கம்பி முழுக்க நெருப்புப் பிடித்து எரிகிற மாதிரி ஸ்டிக்கர். வேறு நிறம் இல்லை. கேரியர், ஸ்டாண்டு, மட்கார்டு மூன்றையும் போடச் சொன்னேன். பெட்டியை ரப்பர் பட்டையால் கட்டி, கடை வாசலில் ஆறு சுற்றுச் சுற்றினேன். பெட்டி அசையவில்லை. என் போனஸ் தாண்டவில்லை. எனக்கு வந்த சந்தோஷத்தில் பாய்க்கு சுகர் டெஸ்ட் இலவசமாகப் பார்த்துவிட்டு, வழியில் கோவிலில் தீர்த்தமும் தெளித்துக்கொண்டு வந்தேன்.

வீட்டில்தான் புயல். பெரியத்தான் பச்சை சைக்கிளை ஒரு முறை சுற்றி வந்தார். கேரியரைப் பார்த்தார். மட்கார்டைப் பார்த்தார்.

"இது வேத்தேத்தே இல்லம்மா. பால்காரர் சைக்கிள்."

"ஆமா பெரியத்தான். எனக்கு அதுதான் வேணும்."

அவர் முகம் வாடிவிட்டது. எனக்கே கஷ்டமாகிவிட்டது. தன் வீட்டுக்குப் போய்ச் சின்ன அட்டைப்பெட்டி ஒன்றைக் கொண்டு வந்தார். பிரான்சிலிருந்து கொண்டுவந்த பித்தளை மணி, ஒரு தேங்காய் மூடி அளவுக்கு இருந்தது. "இதையாவது மாட்டிக்கம்மா." அடித்துக் காட்டினார். தெருக்கோடி நாய் எழுந்து நின்றது.

"ஐஸ்காரர் மணி மாதிரி இருக்கு பெரியத்தான். எனக்கு வேணாம்" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டேன். அதைச் சமாளிக்க, "அந்தப் பெரிய வண்டிய நீங்களே வெச்சுக்குங்க. உங்க ஒசரத்துக்குப் பார்த்துத்தான வாங்கியிருக்கீங்க" என்றேன்.

வேண்டுமென்றே சொல்லவில்லை. ஆனால் சொன்னதும் அவர் கண்ணில் ஒரு வெளிச்சம் வந்தது பாருங்கள்! "அப்படிங்கறியா?" என்று இரண்டு தடவை கேட்டார். மறுநாள் காலையிலிருந்து கடற்கரை ரோட்டில் டிராக் சூட்டோடு அவரைப் பார்க்கலாம்.

அந்த மறுநாள் புதன்கிழமை. சுடிதாருக்கு மேல் யூனிபார்ம் கோட்டு, பின்னால் நீலப் பெட்டி. கணவர் வாசலில் நின்று, "பாத்துப் போ" என்று மூன்று தடவை சொன்னார். வழியில் ஆறு பேர் கை காட்டினார்கள். ஒருத்தருக்கும் நிற்கவில்லை. தோப்பில் இறங்கி இரண்டு டயரிலும் காற்றைக் கொஞ்சம் இறக்கினேன். கியரைக் குறைத்தேன். மாதாவைக் கூப்பிட்டேன். சைக்கிள் மணலில் தள்ளாடியது, முனகியது, ஆனால் நிற்கவில்லை. ஒரு தடவைகூடக் காலை ஊன்றாமல் அந்த ஒரு கிலோமீட்டரையும் கடந்து அங்கன்வாடி வாசலில் ஸ்டாண்டு போட்டபோது மணி எட்டு ஐம்பது.

பதினோரு வருஷத்தில் முதல்முறை. மேஜை போட்டேன். ரிஜிஸ்டரை விரித்தேன். பேனாவைத் திறந்தேன்.

ஒருத்தரும் வரவில்லை.

ஒன்பதாயிற்று. ஒன்பதே கால் ஆயிற்று. ஒரு நாய் வந்து பெட்டியை முகர்ந்துவிட்டுப் போயிற்று. புது நர்ஸ் வரப்போகிற சேதி அதற்குள் பரவிவிட்டதா? அதனால்தான் என்னிடம் வரவில்லையா? வீடு வீடாகப் போய்க் கூப்பிடலாம் என்றால் மருந்தை விட்டுப் போக முடியாது. இந்தக் குப்பம் என் கையை விட்டுப் போயிற்று என்றே நினைத்துவிட்டேன்.

ஒன்பதரை தாண்டியபோது தோப்புப் பக்கம் ஒரு சத்தம். ஊருக்கே தெரிந்த அந்த ஓட்டை சைலன்சர். என்னால் தனியாகப் போக முடிந்ததா, எங்காவது விழுந்து கிடக்கிறேனா என்று பார்க்க என் கணவர் வந்துகொண்டிருந்தார்.

அவ்வளவுதான். குப்பத்தில் கதவுகள் படபடவென்று திறந்தன. குழாயடியில் வாளிகள் உருண்டன. பிள்ளைகள் அலறின. பத்தே நிமிஷத்தில் ஈரத் தலையும் பவுடர் முகமுமாகக் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு பெண்கள் வரிசையாக வந்துவிட்டார்கள். முதலில் வந்தவள் என்னைப் பார்த்து அப்படியே நின்றாள்.

"நர்ஸக்கா! நீங்க எப்ப வந்தீங்க?"

"எட்டு அம்பதுக்கு."

"ஐயையோ, சொல்லக் கூடாதா? உங்க வூட்டுக்காரரு வண்டி சத்தம் கேட்டாத்தான நாங்க புள்ளைய குளிப்பாட்டவே ஆரம்பிப்போம்!"

பதினோரு வருஷம் இவர்களைக் காக்க வைக்கிறேனே என்று நான் வெட்கப்பட்டிருக்கிறேன், கணவரைத் திட்டியிருக்கிறேன், ஜெபத்தில்கூட மன்னிப்புக் கேட்டிருக்கிறேன். இவர்கள் ஒரு நிமிஷம்கூடக் காத்திருக்கவில்லை. காத்திருந்தது நான் ஒருத்திதான், அதுவும் அன்றைக்கு மட்டும்.

"மீன் வாங்கலாம்னு வந்தேன்" என்றார் என் கணவர், வெறும் கையோடு.

அன்றும் லேட்தான். டாக்டரம்மா ரிஜிஸ்டரில் முதல் ஊசி போட்ட நேரத்துக்குக் கீழே சிவப்புக் கோடு போட்டார்கள். அது திட்டுவதைவிட மோசமாக இருந்தது. சாயங்காலம் நேராகப் பெரியத்தான் வீட்டுக்குப் போனேன். அவர் சிவப்புச் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"பெரியத்தான், அந்த மணி இருக்கா?"

அவர் துணியைக் கீழே போட்டார். உள்ளே போய் எடுத்து வந்து, தானே ஸ்பேனர் பிடித்து என் ஹேண்டில்பாரில் மாட்டிவிட்டார். மாட்டி முடித்ததும், "ஐஸ்காரர் மணிதான் இது" என்றார். அந்த ஒரு வார்த்தையோடு விட்டாரே, அது பெரிய மனசு.

அடுத்த புதன்கிழமை எட்டே முக்காலுக்குத் தோப்பைத் தாண்டியதும் மணியை அடித்தேன். அடித்துக்கொண்டே போனேன். கையில் காசை வைத்துக்கொண்டு முதலில் ஓடி வந்தது பிள்ளைகள்தான். சைக்கிளைப் பார்த்தார்கள், நீலப் பெட்டியைப் பார்த்தார்கள், வந்ததைவிட வேகமாகத் திரும்பி ஓடினார்கள். பின்னால் வந்த அம்மாக்கள் ஓடியவர்களை அப்படியே அள்ளி வரிசையில் நிறுத்தினார்கள். ஒன்பது மணிக்கு முதல் ஊசி போட்டேன். மாசக் கடைசியில் டாக்டரம்மா ரிஜிஸ்டரைப் பார்த்து, "அந்தக் குப்பம் உங்ககிட்டயே இருக்கட்டும் சிஸ்டர்" என்றார்கள்.

ஒருத்தருக்கு மட்டும் என்மேல் தீராத கோபம். அந்தப் பக்கம் ஐஸ் விற்கிறவர். இப்போதெல்லாம் அவர் மணி அடித்தால் குப்பத்தில் ஒரு பிள்ளைகூட வெளியே வருவதில்லையாம்.